காலைத் தூக்கும்போது வலிக்கிறதா?

(தைப்பூசத்திற்கு முன்னர் அறநிறுவன மண்டபத்தில் நிகழ்ந்த உடல்நலச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசிய மருத்துவர்கள் இருதயத்தைப் பற்றியும் சர்க்கரை நோயைப் பற்றியும் பேசினார்கள். அவை பெரிய விஷயங்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ உள்ளங்கை அகலமே உள்ள ஓர் இடம். தொடையும் அடிவயிறும் சேருகின்ற மடிப்பு. தொடை இடுக்கு என்று சொல்கிறோம். சபையில் சொல்லக் கூச்சமான இடம்தான். செயலாளர் அவர்கள் தலைப்பு என்னவென்று கேட்டபோது நானே தயங்கி, 'இடுப்பு வலி என்று போட்டுக்கொள்ளுங்கள் ஐயா' என்றேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்து மாற்றச் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே கூச்சம் என்றால், வலியோடு வருகிறவருக்கு எப்படி இருக்கும்!

நான் பிசியோதெரபி எனப்படும் உடலியக்க சிகிச்சை பயின்றவன். அரசாங்க மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், தைப்பூச நாட்களில் தண்ணீர்மலை அடிவாரத்தில் முதலுதவிக் கூடாரத்தில் தொண்டு செய்து வருகிறேன். அங்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பாதத்தில் கொப்புளம், மயக்கம், நாவறட்சி, கணுக்கால் சுளுக்கு என்று வருவார்கள். சென்ற ஆண்டு ஓர் அன்பர் வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். லாரி ஓட்டுபவர். தோள்காவடி எடுக்க வந்தவர். 'கால் வலி ஐயா' என்றார். எந்த இடம் என்று கேட்டேன். முழங்காலைக் காட்டினார். முழங்காலை அசைத்துப் பார்த்தேன்; ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, பிறகுதான் மெல்லத் தொடை இடுக்கில் கை வைத்துக் காட்டினார். ஐந்து மாதமாக வலியாம். லாரிப் படியில் காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் உயிர் போகிறதாம்.

'ஐந்து மாதமாக ஏன் ஒரு டாக்டரிடம் போகவில்லை?' என்று கேட்டேன். 'அந்த இடத்தை எப்படி ஐயா காட்டுவது? அதோடு, வேண்டுதல் வைத்துவிட்டு வலிக்கிறது என்று சொன்னால் வீட்டில் என்ன நினைப்பார்கள்?' என்றார். விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றில் இரண்டு வலிமாத்திரை போட்டிருந்தார். மூன்றாவதை இடுப்புத் துண்டில் முடிந்து வைத்திருந்தார்.

அந்த மூன்றாவது மாத்திரைதான் என்னை இன்று இங்கே பேச வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, உட்கார்ந்தபடியே வலது கையை வலது தொடை மடிப்பில் வைத்து, முழங்காலை ஓரங்குலம் மேலே தூக்குங்கள். கைக்கடியில் ஏதோ இறுகுகிறது அல்லவா? கைக்குத் தெரிவது மேல்தசைகள். அவற்றுக்கு அடியில், ஆழத்தில், கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் வேலை செய்யும் ஒரு பெரிய தசை இருக்கிறது. இலியோசோவாஸ் என்று பெயர். உண்மையில் இது இரண்டு தசைகள் சேர்ந்தது. சோவாஸ் என்பது முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் பின்னால் தொடங்கி இறங்கி வருகிறது. இலியாக்கஸ் என்பது இடுப்பெலும்பின் உட்குழிவிலிருந்து விசிறிபோல் விரிந்து வருகிறது. இரண்டும் தொடை இடுக்கில் சேர்ந்து ஒரே தசைநாணாகி, இடுப்பு மூட்டின் முன்புறமாகக் கடந்து, தொடை எலும்பின் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு முண்டில் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. எங்களுக்கு இந்தத் தசையை ஆசிரியர் இறைச்சிக் கடையை உதாரணம் காட்டி விளக்கினார். இந்த மண்டபத்தில் அதை விட்டுவிடுகிறேன்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கிணற்று இராட்டினம் உங்களுக்கு நினைவிருக்கும். கயிறு இராட்டினத்தின் மேல் வளைந்து இறங்கும். அதுபோல் இந்தத் தசைநாண் இடுப்பெலும்பின் முன்விளிம்பின் மேல் வளைந்து இறங்குகிறது. கயிறு தேயாமல் இருக்க இராட்டினம் சுழல்கிறது; எலும்பு சுழலாது. ஆகையால் நாணுக்கும் எலும்புக்கும் நடுவே, பால்குடத்துக்கும் தலைக்கும் நடுவே சும்மாடு வைப்பதுபோல், இறைவன் ஒரு மெல்லிய பையை வைத்திருக்கிறான். உள்ளே வழுவழுப்பான சிறிதளவு நீர் இருக்கும். இதற்குப் பர்சா என்று பெயர். பணப்பை என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல். நம் நாட்டுப் பங்குச் சந்தைக்கு 2004 ஆம் ஆண்டிலிருந்து வழங்கும் பர்சா மலேசியா என்ற பெயரில் இருப்பதும் இதே வேரில் வந்த சொல்தான். உடம்பில் இத்தகைய பைகள் நூற்றுக்கு மேல் உண்டு. அவற்றுள் ஆகப் பெரியது இந்தத் தொடை இடுக்குப் பைதான். சிலருக்கு இது இடுப்பு மூட்டின் உட்புறத்தோடு ஒரு சிறு துவாரத்தால் தொடர்பும் கொண்டிருக்கும். மூட்டுத் தேய்மானமோ வாத நோயோ உள்ளவர்களுக்கு மூட்டில் சுரக்கும் நீர் அந்த வழியே இந்தப் பையில் வந்து நிரம்பிக்கொள்வதும் உண்டு.

இந்த நாண் நோகும்போது தசைநாண் அழற்சி என்கிறோம். பை வீங்கினால் பர்சா அழற்சி. இரண்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்று கெட்டால் மற்றதும் பெரும்பாலும் கெடும். இரண்டையும் பிரித்தறிய வேண்டிய அவசியமும் அதிகம் இல்லை, சிகிச்சை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் இதை முழுக்க முழுக்க 'அழற்சி' என்றே சொல்லிக் கொடுத்தார்கள். நாட்பட்ட நாண் வலியில் அழற்சியைவிட, நாணின் இழைகள் நலிந்து ஒழுங்கு குலைந்திருப்பதே முக்கியம் என்பது பிற்பாடு தெரிய வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நலிந்த கயிற்றை மாத்திரையால் முறுக்கேற்ற முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுத்துத்தான் வலுவாக்க வேண்டும்.

யாருக்கு வருகிறது? பந்து உதைப்பவர்களுக்கும், செப்பாக் தக்ராவ் விளையாடுபவர்களுக்கும், மேடேறி ஓடுபவர்களுக்கும் வருகிறது. பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளுக்கு வருகிறது. காலை உயர்த்தி இறக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று அரங்கேற்றத்துக்கு முன்பாகப் பெற்றோர்கள் பயந்துபோய் அழைத்து வருவார்கள். நாண் எலும்பு விளிம்பின் மேல் தாவி விழும் சத்தம் அது. வலி இல்லாத வெறும் சத்தம் என்றால் கவலை வேண்டாம்; சத்தத்தோடு வலியும் சேர்ந்தால் கவனிக்க வேண்டும். இன்னொரு பக்கம், விளையாடவே விளையாடாமல் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவர்கள். பேருந்து, லாரி, டாக்சி ஓட்டுபவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள். உட்கார்ந்திருக்கையில் இந்தத் தசை சுருங்கிய நிலையிலேயே இருந்து பழகிவிடுகிறது. ஆண்டில் முன்னூற்று நாற்பது நாள் அப்படி இருந்துவிட்டு, தைப்பூசம் வந்ததும் மலையேறுகிறோம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. 2012 ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட நம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் படிகள் 513. ஒரு காலுக்கு ஏறக்குறைய 256 தடவை தூக்கல். பத்துமலையில் 272 படி, காலுக்கு 136. இதில் காவடியின் பாரம் பெரும்பாலும் தொடைக்கும் புட்டத்துக்கும் முழங்காலுக்கும் போகிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் காலை எடுத்து மேலே வைக்கிற வேலை இந்த ஆழத்துத் தசையுடையது. அதற்கு முன்னால் ஊர்வலப் பாதையில் பல மணி நேரம் வெறுங்காலோடு ஆட்டம். இதை ஒருநாள் செய்தால் நல்ல உடம்பு தாங்கும். மூன்று வாரத்தில் அவசரப் பயிற்சி எடுத்தவனின் கதை வேறு.

அந்த மூன்று வாரப் பயிற்சியாளன் நானேதான். 2014 ஆம் ஆண்டு. மகனுக்கு வேலை கிடைத்ததற்காகக் காவடி நேர்ந்துகொண்டேன். மற்றவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவன் அல்லவா, எனக்கு எதற்கு ஆலோசனை என்று நினைத்து, அடுத்த நாளிலிருந்தே வேலை முடிந்ததும் மலைப்படி ஏற ஆரம்பித்தேன். பத்தாம் நாள் இடது தொடை இடுக்கில் ஒரு பிடிப்பு. கோடாலித் தைலம் தேய்த்தேன். பதினைந்தாம் நாள் காரிலிருந்து இறங்கும்போது இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தேன். நின்றபடி கால்சட்டை போட முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து போட்டேன். இதே அறிகுறிகளை நோயாளி சொன்னால் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்திருப்பேன். எனக்கு வந்தபோது மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு காவடி எடுத்து முடித்தேன். முருகன் அருளால் இறங்கியும் வந்தேன். அதன்பின் எட்டு மாதம் நொண்டினேன். வலி ஆரம்பித்த பத்தாம் நாளே அடக்கி வாசித்திருந்தால் ஆறு வாரத்தில் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். வலி தொடை இடுக்கின் முன்புறத்தில், ஆழத்தில் இருக்கும். சில வேளை தொடையின் முன்பக்கமாக முழங்கால்வரை இறங்கும். படி ஏறும்போது, காரில் ஏறி இறங்கும்போது, படுக்கையிலிருந்து காலை எடுக்கும்போது குத்தும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தவுடன் முதல் சில அடிகள் நிமிர்ந்து நடக்க முடியாது. நடக்க நடக்கச் சற்று இளகும். நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை மேலே தூக்க, அதை ஒருவர் கையால் அழுத்தித் தடுத்தால் அதே இடத்தில் வலிக்கும். கட்டில் விளிம்பில் மல்லாந்து படுத்து, நோகாத காலின் முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்வோம். அப்போது மற்றத் தொடை கட்டிலில் படியாமல் மேலே தூக்கி நின்றால் முன்தசை இறுகியிருக்கிறது என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூலில் எலும்பு வைத்தியம் செய்த தாமஸ் என்பவரின் பெயரால் இது தாமஸ் சோதனை எனப்படுகிறது. தேவையானால் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் எடுப்பார். பை வீங்கியிருந்தால் தெரியும். எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகக் காட்டும். எக்ஸ்ரேயில் நாணோ பையோ தெரியாது. அப்படியிருந்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை நான் என் அக்காவிடமிருந்து கற்றேன்.

இதைச் சொல்ல எனக்கு எளிதாக இல்லை. என் அக்கா சுங்கைப்பட்டாணியில் இருக்கிறார். 2016 ஆம் ஆண்டு அவருக்கு வயது 66. பால்குடம் எடுக்க வேண்டும் என்று தினமும் காலையில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தொலைபேசியில், 'தம்பி, தொடை இடுக்கில வலிக்குது, கால ஊனவே கஷ்டமா இருக்கு' என்றார். எனக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த அதே வலிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். 'அது சதைநாண் வலிக்கா, எனக்கும் வந்துச்சு. ஐஸ் வையுங்க, நான் சொல்ற பயிற்சிய செய்யுங்க' என்றேன். அக்கா செய்தார். தம்பி படித்தவன், சொன்னால் சரியாக இருக்கும் என்று வலியைப் பொறுத்துக்கொண்டு செய்தார். ஒன்பதாம் நாள் குளியலறையில் கால் மடங்கி விழுந்தார். தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. முன்பே அங்கே மெல்லிய விரிசல் இருந்திருக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர்.

அக்காவுக்கு நெடுங்காலமாக ஆஸ்துமா. ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர். அது எலும்பை மெலியச் செய்யும் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. காலைத் தூக்கினால் வலியா, காலை ஊன்றினால் வலியா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் போதும். அக்காதான் 'ஊனவே கஷ்டம்' என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னாரே! காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. பாதி இடுப்பு மூட்டு மாற்றி வைத்தார்கள். இப்போது கைத்தடியோடு நடக்கிறார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தைப்பூசத்தின் போதும் தொலைபேசியில், 'இந்த வருஷம் யாரையாவது எக்ஸ்ரே எடுக்கச் சொன்னியா?' என்று கேட்பார்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, தொடை இடுக்கில் வலித்தால் அது நாண்தான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். என்னைப் போன்ற ஒருவர் தொலைபேசியில் முடிவு செய்தாலும் ஏற்காதீர்கள். அதே இடத்தில் வலி தருபவை பல. குடலிறக்கம், இடுப்பு மூட்டுத் தேய்மானம், ஸ்டீராய்டாலோ மதுவாலோ தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் குன்றிப்போதல், சிறுநீரகக் கல், வலப்பக்கம் என்றால் குடல்வால், பெண்களுக்குச் சூலகக் கோளாறுகள், முதுகில் நரம்பு நெரிதல். கால் ஊன்ற முடியாத வலி, இரவில் படுத்திருந்தாலும் விடாத வலி, விழுந்தபின் வந்த வலி, இவற்றுக்கு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் சிறு விரிசல் தெரியாமலும் போகலாம். வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். காய்ச்சலும் சேர்ந்து, காலை நீட்டவே முடியாமல் மடக்கி வைத்திருந்தால் அந்த ஆழத்துத் தசைக்குள் சீழ் கட்டியிருக்கலாம். காசநோயாலும் அப்படி வருவதுண்டு. சர்க்கரை நோயாளிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

சரி, மருத்துவர் பார்த்து, நாணும் பையும்தான் என்று சொல்லிவிட்டார். என்ன செய்வது?

முதலில், படுத்துவிட வேண்டியதில்லை. வலியைத் தூண்டும் வேலையைக் குறைத்தால் போதும். படியேற்றம், உதைத்தல், காலை உயர்த்தும் நாட்டிய அடவுகள், இவற்றுக்குச் சில வாரம் விடுப்பு. சமதரையில் மெதுவாக நடக்கலாம். பள்ளமான சோபாவில் உட்காராதீர்கள். முழங்காலைவிட இடுப்பு சற்று உயரத்தில் இருக்கும்படியான நாற்காலி நல்லது. கோயிலில் சம்மணமிட முடியவில்லை என்றால் நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள். அரை மணிக்கொரு தடவை எழுந்து நில்லுங்கள். வண்டி ஓட்டுபவர்கள் நிறுத்துமிடங்களில் இறங்கி நாலடி நடங்கள். இரவில் மல்லாந்து படுத்து முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைத்தால் நாண் தளர்ந்து தூக்கம் வரும். ஆரம்ப நாட்களில் துண்டில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை வைக்கலாம்.

தைலம் பற்றிக் கேட்பீர்கள். தைலம் தோலுக்கு இதமாக இருக்கும், தேய்ப்பதில் பாவமில்லை. ஆனால் அந்த நாண் இருக்கும் ஆழத்துக்கு அது போகாது. ஊருட் பிடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் கண்டிப்பாக ஒரு வார்த்தை. தொடை இடுக்கில் விரலை வைத்தால் நாடி துடிப்பது தெரியும். காலுக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்களும் பெரிய நரம்பும் இந்த நாணுக்கு நேர் முன்னால் ஓடுகின்றன. அந்த இடத்தில் கட்டை விரலை ஊன்றி அமுக்க யாரையும் விடாதீர்கள். முதுகையும் புட்டத்தையும் பிடித்துவிடட்டும், அது நிறுத்திக்கொள்ளட்டும்.

மாத்திரைக்கு வருகிறேன். ஐபூபுரோபென், டைக்ளோபினாக் போன்ற வலிமாத்திரைகளை மருத்துவர் சில நாட்களுக்குக் கொடுப்பார். உணவுக்குப் பின் சாப்பிட வேண்டியவை. நாமோ தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறோம். வெறும் வயிற்றில் அவை குடலைப் புண்ணாக்கும். வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இருக்கும்போது சிறுநீரகத்தைத் தாக்கும். நம் சமூகத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருப்பவர், இருதய நோயாளி, வயிற்றுப்புண் உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர், இவர்கள் கடையில் தாமாக வாங்கிப் போடவே கூடாது. இன்னொன்று: வலி என்பது 'போதும்' என்று உடம்பு கொடுக்கும் செய்தி. அதை மாத்திரையால் வாயடைத்துவிட்டு 513 படி ஏறினால், செய்தி மறுநாள்தான் வந்து சேரும்.

பயிற்சிகள் எளியவை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நோகும் தொடையின் மேல் உள்ளங்கையை வைத்து, முழங்காலை மேலே தூக்க முயலுங்கள், கை தடுக்கட்டும். கால் அசையக் கூடாது. பாதி பலம் போதும். பத்து வினாடி பிடித்து விடுங்கள். ஐந்து தடவையில் தொடங்குங்கள். அடுத்து மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, புட்டத்தை மேலே உயர்த்தி இறக்குங்கள், பத்துத் தடவை. முன்தசைக்குத் துணை பின்தசைதான். புட்டம் சோம்பினால் முன்பக்கம் சுமக்கிறது. வலி தணிந்த பிறகு, நோகும் பக்க முழங்காலைத் தலையணைமேல் ஊன்றி, மற்றக் காலை முன்வைத்து, வாலெலும்பை உள்வாங்கி, இடுப்பை இலேசாக முன்னே நகர்த்தினால் தொடையின் முன்பக்கம் இழுபடும். முப்பது வினாடி, இரண்டு மூன்று தடவை. இதில் வேகம் காட்டாதீர்கள். அளவுக்கு மீறி இழுத்தால் நாண் எலும்பின் மேல் அழுந்திப் பழையபடி நோகும். பிறகுதான் தாழ்ந்த ஒற்றைப் படி ஏறி இறங்குவது. பிறகு பத்துப் படி. பயிற்சியின்போது இலேசான வலி வரலாம். மறுநாள் காலை முந்திய நாளைவிட மோசமாக இருந்தால் அளவு கூடிவிட்டது என்று கொண்டு குறைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு ஆறு வாரம், நாட்பட்டவர்களுக்கு மூன்று மாதமும் மேலும் ஆகும். வலி போன மறுநாளே பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

இவ்வளவுக்கும் அடங்காதவர்களுக்கு அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே அந்தப் பைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பலருக்கு நல்ல பலன் தருகிறது. ஊசிக்குப் பின் வலி குறைந்தால் நோய் அங்கேதான் என்பதும் உறுதியாகிறது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை மிக அரிது. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்தச் செயற்கைக் கிண்ணத்தின் விளிம்பு நாணில் உரசினால் இதே வலி வரும். அவர்கள் அறுவை செய்த மருத்துவரிடமே போக வேண்டும்.

காவடி, பால்குடம் எடுக்கப் போகிறவர்கள் தைப்பூசத்துக்கு மூன்று மாதம் முன்பே சிறிது சிறிதாகப் படியேறிப் பழகுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். இடையில் ஓய்வு வேண்டும். அன்றைக்கு வலி இருந்தும் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், நோகும் கால் பின்னால் வந்து அதே படியில் சேரட்டும். இறங்கும்போது நோகும் கால் முதலில். பின்னால் வருகிறவர் பொறுத்துக்கொள்வார்.

அந்த லாரி ஓட்டும் அன்பரை அன்று அப்படித்தான் ஏற்றினேன். ஊன்றினால் வலியில்லை, காய்ச்சலில்லை, தூக்கினால் மட்டும் வலி என்று பார்த்துக்கொண்டு, மூன்றாவது மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, மோர் குடிக்க வைத்து, ஒரு தொண்டரைத் துணைக்கு அனுப்பினேன். ஏறி இறங்க வெகுநேரம் ஆயிற்று. மறுவாரம் எக்ஸ்ரே படத்தோடு வந்து பார்த்தார். எலும்பில் குறையில்லை. நாலு மாதம் பயிற்சி செய்தார். இப்போது லாரிப் படியில் கை கொடுக்காமல் ஏறுகிறார். இவ்வாண்டு பால்குடம் மட்டும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்கொடையாளப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். நம் முதலுதவிக் கூடாரத்தில் மருந்துக்குக் குறைவில்லை. ஐஸ் பெட்டி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஆனால் நாற்புறமும் திறந்த கூடாரம். தொடை இடுக்கில் வலி என்று ஒருவர் கையை வைத்துக் காட்ட மறைவிடம் கிடையாது. பெண்களுக்கோ சொல்லவே வேண்டாம். சென்ற ஆண்டு இந்த வலியைச் சொல்லி ஒரு பெண்கூட எங்களிடம் வரவில்லை. யாருக்கும் வலி இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரு மடக்குக் கட்டில், கூடாரத்தின் மூலையில் கட்ட இரண்டு திரைச்சீலை, பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக இரண்டு பெண் தாதியர். சில நூறு வெள்ளியில் முடியும் காரியம். செயலாளர் அவர்களிடம் பட்டியல் கொடுத்திருக்கிறேன்.

 கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பின்வாசல் பக்கம் வாருங்கள். அன்னதானம் முடியும்வரை அங்கேதான் இருப்பேன்.